போர்க்களச் சிற்றுருவங்கள்: ஐரோப்பிய அருங்காட்சியகங்களும் பாரமகால் கோட்டைகளும்

போர்வீரர்கள், குதிரைகள், பீரங்கிகள், கோட்டைகள், டாங்கிகள் முதலியவற்றைக் குறிப்பிட்ட விகிதத்தில் சிறிதாக்கி, உண்மையில் இருந்தபடியே செய்து வைக்கும் கலைக்கு ஐரோப்பாவில் நீண்ட வரலாறு உண்டு. ‘ஸ்கேல் மாடல்’ என்று வழங்கும் இதனைத் தமிழில் அளவுமாதிரி எனலாம். ஒரு நிலப்பகுதியில் நடந்த நிகழ்ச்சியை ஒரு நொடியில் நிறுத்திக் காட்டும் அமைப்புக்கு டயோரமா என்று பெயர். லண்டன், பாரிஸ் போன்ற நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சுற்றுலாக்களில் இவை பழக்கமானவை. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து மாணவர்களுக்கு இவை அவ்வளவாகத் தெரியாது. ஆனால் இந்த அருங்காட்சியகங்களில் உள்ள சில பொருள்களுக்கும் நம் பகுதியின் மலைக்கோட்டைகளுக்கும் நேரடித் தொடர்பு உள்ளது. அத்தொடர்பையும், ஓர் அளவுமாதிரியை வரலாற்றுச் சான்றாக எப்படிப் படிக்க வேண்டும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தோற்றம்

வீரர்களின் சிற்றுருவங்களைச் செய்யும் வழக்கம் மிகப் பழமையானது. எகிப்தில் அஸ்யூத் என்னும் ஊரில் மெசெத்தி என்ற தலைவனின் கல்லறையிலிருந்து ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மர வீரர்கள் கிடைத்துள்ளனர். ஒரு தொகுதியில் 40 எகிப்திய ஈட்டி வீரர்களும் மற்றொரு தொகுதியில் 40 நூபிய வில்வீரர்களும் அணிவகுத்து நிற்கின்றனர். இவை விளையாட்டுப் பொருள்கள் அல்ல. இறந்த தலைவனுக்கு மறுமையில் காவலாகச் செல்ல வைக்கப்பட்டவை.

நம் நாட்டில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கவை இரண்டு. ஒன்று நவராத்திரிக் கொலு. கொலுப்படிகளின் பக்கத்தில் கடுகு முளைக்கவிட்டுப் புல்வெளி, கண்ணாடித் துண்டில் குளம், மண்ணில் மலை என்று பிள்ளைகள் அமைக்கும் காட்சி ஒரு டயோரமாவே. அதில் பட்டாளமும் பேண்டு வாத்தியக் குழுவும் பொம்மைகளாக நிற்பதுண்டு. மற்றொன்று நடுகல். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நடுகற்கள் மிகுதி. ஆநிரை கவர வந்தவர்களோடு போரிட்டு இறந்தவன், ஊரைக் காக்க இறந்தவன், புலியைக் குத்தி இறந்தவன் ஆகியோரின் உருவம் வாளோடும் வில்லோடும் கல்லில் செதுக்கப்பட்டிருக்கும். பல கற்களில் அரசனின் ஆட்சியாண்டும், வீரனின் பெயரும், அவன் யாருடைய சேவகன் என்பதும், எதற்காக இறந்தான் என்பதும் எழுதப்பட்டுள்ளன. பெயரில்லாத ஆயிரம் பொம்மை வீரர்களுக்கும் பெயருள்ள ஒரு நடுகல் வீரனுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இக்கட்டுரையின் பிற்பகுதியில் அது தேவைப்படும்.

பிரான்சின் கோட்டை மாதிரிகள்

ஐரோப்பாவில் அளவுமாதிரி முதலில் அரசாங்கத்தின் இராணுவக் கருவியாக இருந்தது. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் போர் அமைச்சர் லூவுவா 1668-இல் எல்லைப்புறக் கோட்டை நகரங்களின் மாதிரிகளைச் செய்யும் பணியைத் தொடங்கினார். பெரும்பாலானவை 1:600 விகிதத்தில் அமைந்தவை. அதாவது தரையில் 600 மீட்டர் தொலைவு மாதிரியில் 1 மீட்டராகும். மரம், காகிதக் கூழ், பட்டு நூல், மணல் ஆகியவற்றால் வீடுகள், மரங்கள், அகழிகள் எல்லாம் செய்யப்பட்டன. வெர்சாய் அரண்மனையை விட்டு நகராமலே, ஒரு கோட்டையை எந்தப் பக்கத்திலிருந்து தாக்கலாம், எங்கே மதில் உயர்த்த வேண்டும் என்று மன்னரும் தளபதிகளும் விவாதிக்க இவை உதவின. எதிரிக்குத் தெரியக்கூடாத செய்திகள் என்பதால் இவை நெடுங்காலம் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படவில்லை.

இம்மாதிரிகள் 1777-இல் லூவர் அரண்மனையிலிருந்து பாரிசின் அன்வலீத் கட்டடத்துக்கு மாற்றப்பட்டன. இன்றும் அங்கே தனி அருங்காட்சியகமாக உள்ளன. ஒரு பகுதி வடக்கு பிரான்சின் லீல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதிக்கும் அன்வலீத்துக்கும் இடையே மெட்ரோவில் சிறிது நேரப் பயணந்தான்.

தகர வீரர்கள் முதல் பிளாஸ்டிக் வரை

பொதுமக்களின் பொழுதுபோக்காக இக்கலை வளர்ந்தது ஜெர்மனியின் நூரன்பெர்க் நகரில். 18-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் ஹில்பெர்ட் குடும்பத்தார் அங்கே தகர, ஈயக் கலவையில் தட்டையான சிறு வீரர்களை வார்த்து விற்றனர். சிலேட்டுக் கல்லில் உருவத்தைக் குடைந்து, அதில் உலோகத்தை ஊற்றி எடுப்பது அவர்கள் முறை. 19-ஆம் நூற்றாண்டில் ஹைன்றிக்சன் என்னும் நிறுவனம் ஏறத்தாழ 3 செ.மீ. உயரத்தை நிலையான அளவாக்கியது. அளவு ஒன்றானதால், வெவ்வேறு இடங்களில் வாங்கிய வீரர்களையும் ஒரே அணியில் நிறுத்த முடிந்தது. பவேரியா மாநிலத்தில் குல்ம்பாக் நகரின் பிளாசன்பர்க் கோட்டையில் உள்ள தகர உருவ அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 3,00,000 உருவங்கள் உள்ளன.

இங்கிலாந்தில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893-இல் உள்ளே கூடான ஈய வீரர்களை 54 மில்லிமீட்டர் உயரத்தில் வார்க்கத் தொடங்கியது. ஈயம் குறைவாகச் செலவானதால் விலை குறைந்தது. நடுத்தரக் குடும்பப் பிள்ளைகளுக்கும் பட்டாளம் கிடைத்தது. எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் இத்தகைய வீரர்களை வைத்து விளையாடும் விதிகளைத் தொகுத்து 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலை வெளியிட்டார். உண்மைப் போர் எவ்வளவு அறிவீனமானது என்பதைப் பொம்மைப் போரை ஆடிப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம் என்பது அந்நூலின் முடிவுரையில் அவர் வைத்த கருத்து. மறு ஆண்டே முதல் உலகப் போர் தொடங்கிவிட்டது.

ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் மாதிரிகள் இங்கிலாந்தில் 1936-இல் 1:72 விகித விமானங்களாக விற்பனைக்கு வந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் மலிவு விலையில் இவற்றைப் பரவலாக்கியது. டாங்கி மாதிரிகளில் இன்று உலகெங்கும் வழங்கும் 1:35 விகிதம் ஜப்பானின் டாமியா நிறுவனத்தால் வந்தது. 1960-களின் தொடக்கத்தில் அவர்கள் செய்த ஒரு ஜெர்மன் டாங்கி மாதிரிக்குள் மோட்டாரும் பேட்டரிகளும் அடங்க வேண்டியிருந்தது. அவற்றுக்கு இடம் விட்டுச் செய்தபோது அமைந்த அளவே பின்னர் பொது விகிதமாகிவிட்டது.

விகிதக் கணக்கு

விகிதத்தைப் புரிந்துகொள்ள எளிய கணக்கு போதும். 170 செ.மீ. உயரமுள்ள மனிதர் 1:35 விகிதத்தில் ஏறத்தாழ 4.9 செ.மீ. இருப்பார், 1:72-இல் 2.4 செ.மீ.; 1:600-இல் 3 மில்லிமீட்டருக்கும் குறைவு, அதாவது ஒரு கடுகைவிடச் சற்றே பெரியவர். இதையே நிலத்துக்குப் போட்டுப் பார்ப்போம். 1 கிலோமீட்டர் நீளமுள்ள போர்க்களம் 1:72 விகிதத்தில் ஏறத்தாழ 14 மீட்டர் நீளம் வரும். எந்த வீட்டிலும் அதற்கு இடமிராது. 1:600-இல் அதே களம் 1.7 மீட்டருக்குள் அடங்கும், ஆனால் வீரர்களின் முகம் தெரியாது. முகம் தெரிய வேண்டுமானால் களத்தின் ஒரு மூலையைத்தான் காட்ட முடியும். களம் முழுவதும் தெரிய வேண்டுமானால் முகங்களை விட்டுவிட வேண்டும். மாதிரி செய்பவர் முதல் நாளிலேயே எடுக்க வேண்டிய முடிவு இது. வரலாறு எழுதுபவரும் இதே முடிவைத்தான் எடுக்கிறார்.

சைபோர்னின் வாட்டர்லூ

இந்தத் துறையில் மிகவும் பேசப்படும் படைப்பு, லண்டன் செல்சி பகுதியில் உள்ள தேசியத் தரைப்படை அருங்காட்சியகத்தின் வாட்டர்லூ மாதிரி ஆகும். 1815 ஜூன் 18-இல் நெப்போலியன் தோல்வியுற்ற போரை அது காட்டுகிறது. அதைச் செய்தவர் வில்லியம் சைபோர்ன் என்னும் ஆங்கிலேய இராணுவ அதிகாரி. 1830-இல் அவருக்கு இப்பணி தரப்பட்டது. அவர் போர்க்களத்தில் உள்ள லா ஏ செந்த் பண்ணை வீட்டில் ஏறத்தாழ எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். நிலத்தை அளந்ததோடு நிற்காமல், போரில் கலந்துகொண்டு உயிரோடிருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். அன்று மாலை ஏழு மணியளவில் உங்கள் படைப்பிரிவு எங்கே நின்றது, எந்த அமைப்பில் நின்றது, எதிரே யார் இருந்தார்கள், உங்களைச் சுற்றியிருந்த வயலில் என்ன பயிர் நின்றது என்று கேட்டார். நூற்றுக்கணக்கான பதில்கள் வந்தன. ஒரு போரைப் பற்றி அதில் போரிட்டவர்களிடமே இவ்வளவு விரிவாகக் கேட்டுச் சேர்த்த தொகுப்பு அதற்கு முன் அரிது. அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த கடிதங்களை அவருடைய மகன் 1891-இல் நூலாக வெளியிட்டார்.

அரசு பாதியில் பணம் தருவதை நிறுத்தியதால் சைபோர்ன் கடன்பட்டுத் தம் பொறுப்பிலேயே வேலையை முடித்தார். 1838-இல் லண்டனில் மாதிரி காட்சிக்கு வைக்கப்பட்டது. அதில் 70,000-க்கும் மேற்பட்ட தகர வீரர்கள் நிற்கின்றனர். ஓர் உருவம் இரண்டு வீரர்களைக் குறிக்கும். நிலம் ஏறத்தாழ 1:600 விகிதத்தில் இருந்தாலும் வீரர்கள் ஏறத்தாழ 1 செ.மீ. உயரம் உள்ளவர்கள். விகிதப்படி இது மூன்று மடங்குக்கும் மேல் பெரியது. கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்துகொண்ட சமரசம் அது.

சிக்கல் வேறிடத்தில் எழுந்தது. தம்மிடம் வந்த சான்றுகளின்படி, மாலை ஏழு மணிக்குப் பிரஷ்யப் படை பெருமளவில் களத்துக்குள் வந்துவிட்டதாகச் சைபோர்ன் காட்டியிருந்தார். வெற்றியில் பிரஷ்யர்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்று மாதிரியைப் பார்ப்பவர் எவரும் முடிவு செய்வார்கள். ஆங்கிலத் தளபதி வெலிங்டன் கோமகனுக்கும் அவரைச் சார்ந்தவர்களுக்கும் இது உவப்பாக இல்லை. மாதிரி செய்பவர் தம் சான்றுகளை விளக்கி எழுதியும் பயனில்லை. இறுதியில் பிரஷ்ய வீரர்களின் உருவங்களில் பெரும்பகுதி மாதிரியிலிருந்து நீக்கப்பட்டது. கடன் தீராத நிலையில் சைபோர்ன் 1849-இல் இறந்தார். இன்று அந்த மாதிரியைப் பார்க்கும் மாணவர், எத்தனை வீரர்கள் நிற்கிறார்கள் என்பதோடு, எத்தனை பேர் எடுக்கப்பட்டார்கள், ஏன் எடுக்கப்பட்டார்கள் என்றும் கேட்க வேண்டும்.

அதே தளபதி, நம் ஊர்ப் பாதையில்

இந்த வெலிங்டன் கோமகன் யார்? வாட்டர்லூவுக்கு 16 ஆண்டுகளுக்கு முன் அவர் ஆர்தர் வெல்லெஸ்லி என்ற பெயரில் ஒரு கர்னலாக இருந்தார். 1799 மார்ச் முதல் வாரத்தில் ஜெனரல் ஹாரிசின் படை ராயக்கோட்டையருகே திரண்டு, அங்கிருந்து கெலமங்கலம் பக்கமாக மைசூர் நாட்டுக்குள் நுழைந்தது. அப்படையுடன் சென்ற ஐதராபாத் நிஜாமின் பிரிவுக்கு வெல்லெஸ்லி பொறுப்பாக இருந்தார். அதே ஆண்டு மே 4-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு சுல்தான் போரிட்டு மடிந்தார்.

ராயக்கோட்டையும் கெலமங்கலமும் தொரப்பள்ளிக்கு அருகே உள்ளவை. அன்று இப்பகுதி உண்மையாகவே எல்லைப்புறம். 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரமகால் என்று வழங்கிய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகள் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போயின. மலைக்கு மேலுள்ள ஓசூர்ப் பகுதி திப்புவிடமே இருந்தது. 1799-க்குப் பின்னரே அதுவும் கம்பெனியிடம் வந்து சேலம் மாவட்டத்தோடு இணைந்தது. இன்று கர்நாடக எல்லையில் தொழிற்சாலைகளின் சங்கு ஒலிக்கும் இந்த மேட்டு நிலத்தில் அன்று இரண்டு அரசுகளின் காவற்படைகள் எதிரெதிரே நின்றன.

பாரமகால் என்ற பெயரைப் பன்னிரண்டு கோட்டைகள் என்று விளக்குவது மரபு. மூன்றாம் மைசூர்ப் போரில் இக்கோட்டைகள் ஏன் முக்கியமாயின என்பதைக் காரணத்தோடு அறிய வேண்டும். 1791 மே மாதத்தில் கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் அருகே வரை சென்றார். ஆனால் வண்டி இழுக்கும் எருதுகள் பெருந்தொகையாக இறந்ததாலும் உணவு தீர்ந்ததாலும், பெரும் பீரங்கிகளைத் தாமே சிதைத்துவிட்டுப் பின்வாங்கினார். படைக்குத் தேவை வீரர்களைவிட அரிசியும் எருதும் என்பது அப்போது தெளிவானது. சமவெளியிலிருந்து பெங்களூருக்குத் தானியம் ஏறிவரும் கணவாய்ப் பாதைகளைத் திறக்க வேண்டியிருந்தது. அதனால் 1791 ஜூலையில் ஓசூரும் ராயக்கோட்டையும் கைப்பற்றப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் கர்னல் மேக்ஸ்வெல் இரவில் கிருஷ்ணகிரியைத் தாக்கினார். அடிவாரத்துப் பேட்டை வீழ்ந்தது. மலைக்கோட்டையிலிருந்தவர்கள் மேலிருந்து பாறைகளை உருட்டிவிட்டதால் ஏணி வைத்து ஏற முடியாமல் தாக்கியவர்கள் திரும்பினர். அக்கோட்டை போரில் விழவில்லை, உடன்படிக்கையின் வழியாகவே கை மாறியது. ராயக்கோட்டை, கிருஷ்ணகிரிக் கோட்டைகள் இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன.

வாட்டர்லூவில் எந்தப் பண்ணைக்கு முன் எந்தப் பயிர் நின்றது என்பதுவரை மாதிரியில் காட்டப்பட்டிருக்கிறது. அதே தளபதி படை நடத்தக் கற்றுக்கொண்ட இந்தப் பாதையில், எவருடைய வயல் மிதிபட்டது என்று கேட்டு ஒரு சைபோர்ன் கடிதம் எழுதவில்லை.

மைசூரின் பொருள்கள் ஐரோப்பாவில்

லண்டனுக்குப் போன மைசூர்ப் பொருள்களில் புகழ்பெற்றது திப்புவின் புலி. சிவப்புச் சீருடை அணிந்த ஐரோப்பியன் ஒருவனைப் புலி கிடத்திக் கழுத்தைக் கவ்வுவதுபோல் செய்யப்பட்ட மர உருவம் அது. உள்ளே காற்றுக் குழாய்களும் கட்டைகளும் கொண்ட சிறு ஆர்கன் இருக்கிறது. கைப்பிடியைச் சுழற்றினால் மனிதனின் கை அசையும், முனகலும் உறுமலும் கேட்கும். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டண அரண்மனையிலிருந்து எடுக்கப்பட்ட இது, 1880 முதல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. போரைப் பற்றிய ஒரு தரப்பின் வாதத்தை உருவமாகச் செய்து வைப்பது ஐரோப்பியருக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இது சான்று. நம் பக்கத்துப் புலிக்குத்திக் கற்களில் மனிதன் புலியைக் குத்துகிறான். திப்புவின் புலியோ மனிதனைக் கொல்கிறது. யார் யாருக்காகச் செய்தார்கள் என்று பார்த்தால் இரண்டின் பொருளும் விளங்கும்.

மற்றொன்று மைசூர் ஏவுகணை. இரும்புக் குழாயில் வெடிமருந்து அடைத்து மூங்கிலில் கட்டி ஏவப்பட்ட இந்த வாணங்களால் ஆங்கிலப் படைகள் பலமுறை அலைக்கழிந்தன. 1799 ஏப்ரலில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே ஒரு தோப்பில் நடந்த இரவுத் தாக்குதலில் வெல்லெஸ்லியின் பிரிவும் இருளிலும் வாணங்களுக்கிடையிலும் சிக்கிப் பின்வாங்கியது. இங்கிருந்து கொண்டுசெல்லப்பட்ட ஏவுகணைகளின் தூண்டுதலால் வில்லியம் காங்கிரீவ் 1804-05 முதல் இங்கிலாந்தில் ஏவுகணைகளை உருவாக்கினார். அவ்வகை ஏவுகணைகள் வாட்டர்லூவிலும் பயன்பட்டன. 2018-இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டம் நகர என்னும் ஊரில் ஒரு பழங்கிணற்றைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு ஏவுகணைக் குழாய்கள் கிடைத்தன.

பின்னாளில் பெங்களூரின் பெயர் வேறொரு வழியில் ஐரோப்பியப் போர்க்களத்துக்குச் சென்றது. 1912-இல் பெங்களூரில் இருந்த சென்னைச் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்த கேப்டன் மெக்ளின்டாக், முள்வேலியைத் தகர்க்கும் நீண்ட வெடிக்குழாயை வடிவமைத்தார். ‘பெங்களூர் டார்பிடோ’ எனப்படும் இது 1944-இல் நார்மண்டிக் கடற்கரையில் பயன்பட்டது. நார்மண்டி டயோரமாக்களில் வேலிக்கு அடியில் செருகிய குழாயைப் பார்க்கும் ஐரோப்பியச் சிறுவர்கள் பலருக்கு, அப்பெயர் ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊரின் பெயர் என்பது தெரியாது. தமிழர் பலர் பணியாற்றிய அந்தப் படையினருக்குத் ‘தம்பிகள்’ என்ற செல்லப் பெயர் இன்றும் வழங்குகிறது.

விடுபட்டவர்கள்

மாதிரியில் விடுபடுவது சில நேரம் சட்டத்தாலும் நிகழும். ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவது குற்றமாதலால், அங்கே விற்கும் விமான மாதிரிகளின் பெட்டிகளிலும் ஒட்டுப்படங்களிலும் ஸ்வஸ்திகா பெரும்பாலும் இருக்காது. சின்னத்தை மறைப்பது வரலாற்றை மறைப்பதாகும் என்பார் சிலர். அச்சின்னத்தின் கீழ் கொல்லப்பட்டவர்களின் பிள்ளைகள் வாழும் நாட்டில் அது வீட்டு அலங்காரமாகக் கூடாது என்பார் சிலர். இரண்டு தரப்பிலும் நியாயம் உண்டு.

ஐரோப்பாவில் வாழும் ஈழத் தமிழர் வீடுகளில் இக்கேள்வி இன்னும் நெருக்கமானது. போரிலிருந்து தப்பி வந்த தந்தைக்கு, மகன் அலமாரியில் வைக்கும் ஹெலிகாப்டர் மாதிரி வெறும் விளையாட்டுப் பொருள் அல்ல. அந்த ஒலியை அவர் வானத்தில் கேட்டிருப்பார். அத்தகைய வீட்டில் பொழுதுபோக்கைத் தடுக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். அந்த மாதிரியில் யார் நிற்கவில்லை என்று மகன் தந்தையிடம் கேட்கட்டும். தந்தைக்குச் சொல்ல மனம் வரும்போது சொல்லட்டும்.

பெயர்களைப் பொறுத்தவரை ஐரோப்பாவும் ஒரு பாடம் வைத்திருக்கிறது. பிரான்சில் நெவ் சப்பல் என்னும் இடத்தில் 1927-இல் திறக்கப்பட்ட இந்திய நினைவுச் சின்னத்தில், முதல் உலகப் போரில் இறந்து கல்லறை இல்லாமல் போன 4,700-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. நம் நடுகல் செய்த வேலையை அந்தக் கல் செய்கிறது. தகர வீரர்களைக் கண்டு மகிழும் குடும்பம் ஒருநாள் அங்கும் சென்று வரலாம்.

பாரமகாலுக்கு ஒரு மாதிரி

ஓசூர், கிருஷ்ணகிரிப் பள்ளி மாணவர்கள் ஒரு வரலாற்று மாதிரியைச் செய்ய விரும்பினால், பொருள் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது: 1799 மார்ச்சில் ராயக்கோட்டை அடிவாரத்துப் பாசறை. செலவு அதிகமில்லை. மலைக்குத் தெர்மாகோலும் காகிதக் கூழும், மண்ணுக்குக் காயவைத்துச் சலித்த தேயிலைச் சக்கை, புல்லுக்குத் தேங்காய் நார், மரத்துக்குக் காய்ந்த குச்சிகள் போதும். 250 மீட்டர் உயரக் குன்று 1:1000 விகிதத்தில் 25 செ.மீ. ஆகும் என்ற கணக்கை மாணவர்களே போடலாம்.

கடினமானது சான்று தேடுவது. குன்றின் தோற்றத்துக்கு, நேரில் சென்று பார்ப்பதோடு தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் ஆகியோரின் ஓவியங்கள் உதவும். உறவினர்களான இவ்விருவரும் 1792-இல் இவ்வழியே பயணம் செய்து ராயக்கோட்டை, ஓசூர், ஜெகதேவி முதலிய இடங்களை வரைந்தனர். இவை 1795 முதல் 1808 வரை வெளிவந்த ‘ஓரியண்டல் சீனரி’ தொகுப்பில் உள்ளன. மக்களின் தொழில், பயிர், வரி பற்றி அறிய அலெக்சாண்டர் ரீடு, அவரிடம் உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோ ஆகியோரின் காலத்து ‘பாரமகால் ஆவணங்கள்’ உள்ளன. சென்னை அரசு அவற்றை அச்சிட்டுள்ளது.

அடுத்த கேள்வி, யாரை நிறுத்துவது என்பது. சிவப்புச் சீருடை ஆங்கிலேயரை மட்டும் நிறுத்தினால் மாதிரி பொய்யாகிவிடும். ஹாரிசின் படையில் பெரும்பான்மையோர் இந்தியச் சிப்பாய்கள். சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் அவர்களில் இருந்தனர். எதிரே திப்புவின் படையிலும் இதே மொழிகளைப் பேசியவர்கள் இருந்தனர். படையின் பின்னே பல்லாயிரம் எருதுகளில் தானியம் ஏற்றிவந்த லம்பாடி வணிகர்கள், மாட்டுக்காரர்கள், கூடாரம் சுமப்பவர்கள், சமைப்பவர்கள், பெண்கள், குழந்தைகள் வந்தனர். போரிடுபவர்களைவிட அவர்கள் தொகை அதிகம். கடைகளில் கிடைக்கும் வீரர் பெட்டிகளில் இவர்கள் இருக்க மாட்டார்கள். களிமண்ணில் மாணவர்களே செய்துகொள்ள வேண்டும். வகுப்பில் வரலாறு நடத்தியவன் என்ற முறையில் சொல்வேன்: ஆண்டு எண்களை மனப்பாடம் செய்ய மறுக்கும் பையன்கூட, எருதுக்குத் தீவனம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் யோசிப்பான். அந்தத் தீவனம் ஊராரின் வைக்கோற்போரிலிருந்து வந்திருக்கும் என்று அவன் சொல்லும்போது போரின் மறுபக்கம் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது.

தொரப்பள்ளியின் பெயரை உலகுக்குத் தெரிவித்தவர் 1878 டிசம்பர் 10-இல் இங்கே பிறந்த இராஜாஜி. அவர் 1962-இல், 83 வயதில், அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்த வேண்டும் என்று அமெரிக்க அதிபர் கென்னடியிடம் நேரில் வாதாடச் சென்றார். அவர் பிறந்த வீடு நினைவில்லமாக உள்ளது. இல்லத்தைப் பார்க்க வரும் மாணவர்கள், நேரம் இருந்தால் ராயக்கோட்டை மலையிலும் ஏறலாம். உச்சியில் நின்று பார்க்கும்போது படை வந்த திசையும், அது போன திசையும், இடையிலுள்ள ஊர்களும் ஒரே பார்வையில் அடங்கும். மாதிரிக்கான முதல் வரைபடத்தை அங்கேயே ஒரு நோட்டுத் தாளில் வரைந்துகொள்ளலாம். ஊர்களைக் குறிக்க மறக்க வேண்டாம்.